மாடி வீட்டு முற்றுகை

"போர் விளையாட்டாம்! ஊரை வளைக்கிறதும் ஆளைக் கொல்றதும்தான் நம்ம பிள்ளைங்க கத்துக்கணுமா?"

ஆறாம் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஹில்டா போட்டிருந்த வாய்ஸ் மெசேஜ் அது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

குரூப்புக்கு அட்மின் நஃபீசா. "நீங்களே ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. வேணாம்னு சொன்னா எல்லா வீட்லயும் எடுத்துடலாம்" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வேறு யார் தலையில் கட்டுவார்கள்? வகுப்பில் அந்த விளையாட்டை முதலில் ஆரம்பித்து வைத்ததே அவள் மகள் ஸஹானாதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக் கடை முடிந்ததும், முடிச்சூர் வீட்டின் மாடி ஹாலில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் நஃபீசா. என்ன சொல்வது என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. பார்த்துவிட்டுச் சொன்னால் மரியாதையாக இருக்குமே என்றுதான்.

"எங்கே, யார் யாரை வெட்டறேன்னு காட்டு."

"வெட்டறதெல்லாம் கடைசிலம்மா. முதல்ல ஊர் கட்டணும்."

திரையில் பச்சைப் பசேலென்று ஒரு நாடு. நடுவே நெளிந்து ஓடியது ஓர் ஆறு.

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி நடக்குதும்மா. நான்தான் ராணி."

"தண்ணியை விட்டு ஏன்டி இவ்வளவு தள்ளி ஊரைக் கட்டியிருக்கே, மகாராணி?"

"முதல்ல ஆத்தங்கரையிலதான் கட்டினேன். மழைக்காலத்துல பாதி ஊர் போயிடுச்சு. அப்புறம்தான் மேட்டுக்கு மாத்தினேன்."

நஃபீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அத்தாவும் சாச்சாவும், அண்ணனும் தம்பியுமா, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மழை வந்தா மூழ்கற இந்த முடிச்சூர்ல வீடு கட்டறதுக்கு முன்னாடி, இதைக் கொஞ்சம் விளையாடிப் பார்த்திருக்கலாம்."

நாற்காலி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

"அது என்ன கப்பல்?"

"குதிரைக் கப்பல். நம்ம பக்கம் நல்ல குதிரை கிடைக்காதும்மா, கடல் தாண்டித்தான் வரணும். அதனால துறைமுகம் வெச்சிருக்கிறவங்களைப் பகைச்சுக்கக் கூடாது."

"இதெல்லாம் உங்க பாடத்துல இருக்கா?"

"ஒரு வரி இருக்கு. ஏன்னு இதுலதான் புரிஞ்சுது."

"சரி, ஜனங்க கட்டற வரியை ஏத்தினா என்ன ஆகும்?"

"ஏத்திப் பாரேன்."

நஃபீசா ஏத்தினாள். கொஞ்ச நேரத்தில் நெசவுத் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குக் கிளம்பியது.

"ஐயையோ, கூப்பிடு கூப்பிடு அவங்களை!"

"வரியைக் குறைச்சா வருவாங்க. ஆனா உடனே நம்ப மாட்டாங்கம்மா."

நல்ல விளையாட்டாகத்தான் இருக்கிறதே என்று நஃபீசா நினைத்த நேரத்தில், வடக்கு மூலையில் ஒரு கோட்டை கண்ணில் பட்டது. சுற்றிலும் ஸஹானாவின் படை சும்மா நின்றுகொண்டிருந்தது.

"இது என்ன?"

"அந்த ராஜா என் வியாபாரிங்களைப் பிடிச்சு வெச்சிருந்தான். அதான் முற்றுகை. ரொம்ப நாளா கதவையே திறக்க மாட்டேங்கறான்."

நஃபீசா திரையை உற்றுப் பார்த்தாள். கோட்டைக்குள் ஒரே ஒரு வாய்க்கால் போய்க்கொண்டிருந்தது.

"இதோ இருக்கே! இதை அடைச்சுடு. தானா வழிக்கு வருவான்."

"தெரியும்மா. அடைக்கலாம். ஆனா உள்ள ஜனங்க இருக்காங்களே."

"இருந்தா?"

"சண்டை ராஜாவோடதானே? அவங்க என்ன பண்ணாங்க?"

"அடிப்போடி. இது என்ன நிஜமா? இப்படிப் பார்த்தா நீ எந்தக் காலத்துல ஜெயிக்கறது!"

மகள் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கி வாய்க்காலின் மேல் அழுத்தினாள். 'நிச்சயமாக அடைக்கவா?' என்று கேட்டது. யோசிக்காமல் 'ஆம்' என்றாள்.

கோட்டைக்குள் வயல் காய்ந்தது. மாடுகள் சாய்ந்தன. கிணற்றடியில் சின்னச் சின்ன உருவங்கள் குடத்தோடு கூடின. நஃபீசா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ போட வேண்டும் என்பதே மறந்து போயிற்று. கடைசியில் கதவு திறந்தது. வெள்ளைக் கொடியோடு ராஜா வெளியே வந்தான். முரசு முழங்கியது.

"பார்த்தியா! எப்படி?" என்று கைதட்டித் திரும்பினாள்.

ஸஹானா கைதட்டவில்லை. திறந்த கதவு வழியாகத் தள்ளாடி வந்துகொண்டிருந்த அந்தக் குட்டி உருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஃபீசாவுக்குச் சுருக்கென்றது. சே, நானா இப்படிச் செய்தேன்? எறும்புக்குக்கூடச் சர்க்கரை போடுகிறவள் ஆயிற்றே! வளர்ந்த மனுஷியையே இந்தப் பாடு படுத்துகிறது என்றால், பதினோரு வயதுப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

ஹில்டா சொன்னது சரிதான். உடனே போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

'நானே உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். வரலாறு கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம், உண்மைதான். ஆனால் நம்மை அறியாமலே மனசைக் கல்லாக்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.'

ஸஹானா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"இதை விளையாடினா மனசு கல்லாயிடுமாம்மா?"

"பின்னே? நீயே பார்த்தியே, என்னையே எப்படி மாத்திடுச்சுன்னு!"

ஸஹானா கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"நீ இன்னிக்குத்தானேம்மா இதை விளையாடினே? சாச்சியோட சண்டை போட்டுட்டு, கீழ் வீட்டுக்குத் தண்ணி போற வால்வை முந்தாநாளே மூடிட்டியே?"