தொடாத ஏர்ஹாரன்

“நாலு டயரு, ரெண்டு சீட்டு. எல்லாம் அஞ்சு மணிக்குள்ள திரும்பி வந்துடணும் மணி. ஒரு கீறல் விழக் கூடாது” என்றான் மெக்கானிக் ஒச்சப்பன், வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

சுடலைமணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். பதினேழு வருஷத்துப் பிக்கப் அவனுடையது. மட்டாஞ்சேரி சரக்குக் கிட்டங்கியிலிருந்து வெலிங்டன் தீவுக்குச் சுக்கு மூட்டை ஏற்றிப் போகிற வண்டி. போன மாதம் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. டெஸ்ட்டில் தோற்றாகிவிட்டது. இன்றைக்கும் தோற்றால் நாளையிலிருந்து மூட்டைகள் வேறு வண்டியில் போகும் என்று கிட்டங்கி முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

நான்கு நாளாக மல்லுக்கட்டி எஞ்சினையும் பிரேக்கையும் ஒச்சப்பன் சரியாக்கிவிட்டான். ஆனால் டயர் நான்கும் மொட்டை. சீட்டை எலி கடித்துப் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்று ஒரு குறுக்கு வழி உண்டு. டெஸ்ட் அன்றைக்கு மட்டும் இன்னொரு வண்டியின் டயரை மாட்டிக்கொண்டு போவது, பாஸானதும் கழற்றிப் பழைய இடத்தில் வைத்துவிடுவது.

ஷெட்டில் அதே மாடலில் மூன்று பிக்கப்புகள் நின்றன. ஒச்சப்பன் யோசிக்கவே இல்லை. நேரே மூலைக்குப் போய் நீல வண்டிக்கு ஜாக்கி வைத்தான். யாரோ ஆசை ஆசையாகப் பார்த்துப் பார்த்து மாற்றிய வண்டி. புது டயர், புது சீட்டு, முன்னால் பளபளவென்று ஒரு ஏர்ஹாரன்.

“ஓனரு யாருண்ணே?”

“பேரு எதுக்கு உனக்கு? நேத்து சாயந்தரம் பெயிண்ட் அடிக்க விட்டுட்டுப் போனாரு. பகல் பூரா வேலை. அஞ்சு மணிக்குத்தான் வருவாரு.”

“ஏர்ஹாரன் வேற வச்சிருக்காரே! புது இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா தோலை உரிச்சிடுவாரு.”

போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்தார் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரமேஷ்பாபு. வந்த வேகத்தில் லாரிகளின் ஏர்ஹாரன்களைப் பிடுங்கி வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார். பத்திரிகையில் படம்கூட வந்தது. இன்றைக்கு டெஸ்ட் எடுப்பவரும் அவரேதான்.

“இங்க பாரு மணி” என்றான் ஒச்சப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “தப்பித்தவறி மாட்டிக்கிட்டா, ‘ஏர்ஹாரனை மட்டும் நாங்க தொடவே இல்ல சார்’னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாதே.”

“அதைச் சொன்னா என்னாகும்?”

“சொல்லிப் பாரு.”

இந்த ஆளுக்கு எதிலும் விளையாட்டுதான் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே சுடலைமணி, டயரும் சீட்டும் மாறிய தன் வண்டியைக் கிளப்பினான். சீட்டின் புதுமை தெரியாமலிருக்கத் தன் பழைய துண்டை விரித்திருந்தான். முதுகுக்குப் பின்னால் ஏதோ நெருடிக்கொண்டே வந்தது.

டெஸ்ட் மைதானத்தில் அவனுக்கு முன்னால் போன இரண்டு வண்டிகளும் தோற்றுத் திரும்பின.

ரமேஷ்பாபு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் காலால் தட்டினார்.

“டயர் புதியதல்லே?” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

“ஆமா சார். நேத்துதான் சார்.”

“கொள்ளாம், நல்லாயிருக்கு. சேஸி நம்பர் நீ வாசிக்கு. எனக்கு இன்னிக்கு எழுத்து ஒண்ணும் தெளியல.”

சுடலைமணி வாசித்தான். இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு தானே டிரைவர் சீட்டில் ஏறி வண்டியை ஓட்டிப் பிரேக் அடித்தார். கோடு போட்ட இடத்தில் வண்டி கச்சிதமாக நின்றது. வெளியே நின்ற சுடலைமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாஸ்” என்றார் ரமேஷ்பாபு, சீட்டை விட்டு இறங்காமலே. ஸ்டியரிங்கின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். “எவிடெ ஒப்பிடணும்? காட்டு.”

சுடலைமணி ஓடிவந்து ஜன்னல் வழியே விரலை வைத்துக் காட்டினான். கிட்டங்கி முதலாளியின் முகத்தில் இந்தக் காகிதத்தை எப்படி நீட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டான்.

ரமேஷ்பாபு முதுகை நெளித்தார்.

“எந்தா இது, குத்துது?”

துண்டை விலக்கினார். சீட்டின் முதுகில் ஒரு ஜிப் இருந்தது. அதைத் திறந்து கையை விட்டவர் ஒரு கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்தார். திறந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சீட்டைப் பார்த்தார். எட்டிக் குனிந்து டயரைப் பார்த்தார். கடைசியாகச் சுடலைமணியைப் பார்த்தார்.

“நேத்து ராத்திரியிலிருந்து வீடு முழுக்கத் தேடின கண்ணாடி” என்றார் மெதுவாக. “ஒச்சப்பன் ஷெட்ல நிக்கிற என்டெ வண்டியில அல்லே இது இருக்கணும்?”

சுடலைமணிக்கு மட்டாஞ்சேரி, கிட்டங்கி, சுக்கு மூட்டை எல்லாம் கண்முன் சுழன்றன. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“ஏர்ஹாரனை மட்டும் நாங்க தொடவே இல்ல சார்!”

ரமேஷ்பாபு பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, யாரும் விரல் வைத்துக் காட்டாமலே, சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டார்.