ரயிலோடு போன வாள்

"பை எங்கே?"

தோகுஜி கேட்டபோது ரயிலின் கதவு மூடிவிட்டது. மிசாவோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றில் குடை, இன்னொன்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த பீச் பழப் பொட்டலம்.

"சாமான் வைக்கிற மேல்தட்டுலயே... விட்டுட்டேங்க."

"விட்டுட்டியா? 'நீங்க இறங்குங்க, நான் எடுத்துக்கிட்டு வர்றேன்'னு சொன்னியே!"

வண்டி கியோட்டோ நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. தோகுஜி அதன் பின்னாலேயே நடைமேடையின் கோடி வரை ஓடி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அறுபத்தாறு வயதில் அவர் அப்படி ஓடி மிசாவோ பார்த்ததில்லை.

எட்டு மாதம் எஃகை மடித்து மடித்து அடித்த வாள். கியோட்டோவில் நடக்கும் வாள் போட்டிக்கு ஒப்படைக்க இன்றுதான் கடைசி நாள், மாலை நான்கு மணி வரை. இப்போது மணி பன்னிரண்டரை.

நிலைய அலுவலகத்தில் ஹொரிகோஷி என்ற இளம்பெண் இருந்தாள்.

"பையில என்ன இருந்துச்சுங்க, ஐயா?"

"வாள்."

"சமையல் கத்திங்களா?"

"வாளும்மா! வெட்டற வாள்! முழு நீளம்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். ஹொரிகோஷி எழுந்தே விட்டாள்.

"வாளுக்கு அரசாங்கப் பதிவுச் சீட்டு இருக்குங்களா?"

"இதோ, நெஞ்சோட வச்சிருக்கேன். சீட்டு பத்திரமா இருக்கு. வாள்தான் ஊர் சுத்தப் போயிடுச்சு."

"நீங்க..."

"நான்தான் அதை அடிச்சவன்."

அவள் சட்டென்று குனிந்து வணங்கினாள். "எந்தப் பெட்டிங்க? சொன்னா வண்டியில இருக்கிறவங்களுக்கு உடனே சொல்லிடலாம்."

தோகுஜி மனைவியைப் பார்த்தார்.

"ஒன்பதா... பதினொண்ணா... ஞாபகம் வரலையே," என்றாள் மிசாவோ.

"டிக்கெட் உன்கிட்டதானே?"

அவள் கைப்பையைத் துழாவினாள். கண்ணாடிக் கூடு, மருந்து, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். டிக்கெட் மட்டும் வரவில்லை.

"சீக்கிரம்! அடுத்த ஸ்டேஷன்ல எவனாவது தூக்கிட்டு இறங்கிடுவான்!"

"தேடறேன்... தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்..."

"அம்மா, அந்த ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கே, அது இல்லையா?" என்றாள் ஹொரிகோஷி.

அதுதான். பதினான்காம் பெட்டி. ஹொரிகோஷி தொலைபேசியை எடுத்தாள்.

இருவரும் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தோகுஜியின் முழங்கால் நிற்காமல் ஆடியது.

"போன வருஷம் போட்டியில என் காதுபடவே என்ன பேசினாங்க? 'தோகுஜிக்குக் கண்ணு போச்சு, இனிமே காய்கறிக் கத்தி அடிக்கலாம்'னாங்க. இந்த வாளைப் பார்த்தா அத்தனை பேர் வாயும் அடைச்சுப் போயிருக்கும். கடைசியில இப்படி ஆயிடுச்சே!"

மிசாவோ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிடுமாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் அவள் கையைத் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"ஏய், என்ன இது? நான் கத்தினதுக்கா இப்படி பயந்துட்ட? விடு. முப்பத்தெட்டு வருஷத்துல நீ ஒரு குடையைக்கூடத் தொலைச்சதில்லை. இன்னிக்கு ஏதோ கிரகம்." குரலைத் தணித்துக்கொண்டார். "போனா போகட்டும். வாள் தொலைஞ்சவனைப் பார்த்து 'பாவம்'னுதான் சொல்வாங்க. அடுத்த வருஷம் இன்னொண்ணு அடிச்சுக்கலாம்."

மிசாவோ நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாவா? அடிப்பீங்களா?"

"பின்னே? கண்ணைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிக்கிட்டே இருப்பியே, அதையும் பண்ணிடறேன். போதுமா?"

அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "போதுங்க. அது போதும்."

அப்போது தொலைபேசி மணி அடித்தது.

"ஐயா! கிடைச்சிடுச்சு!" ஹொரிகோஷி கூவினாள். "பை அப்படியே மேல்தட்டுல இருக்காம். அடுத்த ஸ்டேஷன் நகோயாவுல போலீஸ்கிட்ட ஒப்படைச்சுடுவாங்க. சீட்டைக் காட்டி வாங்கிக்கலாம். அடுத்த வண்டி ஏழு நிமிஷத்துல!"

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தோகுஜி அத்தனை பேரையும் பார்த்து மாறி மாறிக் குனிந்து வணங்கினார். பீச் பழப் பொட்டலத்தை ஹொரிகோஷியின் மேசைமேல் வைத்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"போய் எடுத்துக்கிட்டு, மூணு மணிக்குள்ள இங்க வந்துடலாம். எழுந்திரு மிசாவோ! நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரு!"

மிசாவோவால் எழுந்திருக்க முடியவில்லை.

நேற்று மாலை, வாளை மெருகேற்றிக் கொடுத்த இகுதா அவளுக்குப் போன் செய்திருந்தார். "அண்ணி, வாளோட வெட்டு விளிம்புல முடி மாதிரி ஒரு விரிசல். நடுவர்கள் பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. கையில கொடுத்துப் பார்த்தேன், அண்ணன் கண்ணுக்குத் தெரியலை. சொல்ல எனக்கு வாய் வரலை, நீங்களே சொல்லிடுங்க."

அவளுக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் பையை மேல்தட்டிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தாள்.