ஆளும் பெட்டியும் இருநூறு ராத்தல்

"ஆளும் பெட்டியும் சேத்து இருநூறு ராத்தல்தானாம். அதுக்கு மேல ஒரு ராத்தல் கூடுனாலும் ஏத்த மாட்டாங்களாம்" என்று மருமகனின் கடிதத்தை வாசித்தாள் பிச்சம்மாள்.

தென்காசியில் வெல்ல மண்டி வைத்திருந்த குத்தாலிங்கம், தன் மண்டித் தராசிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். எதிர்த் தட்டில் அவள் எடைக்கல்லை அடுக்கிக்கொண்டே போனாள். நூற்று எண்பத்திரண்டு ராத்தலில்தான் தட்டு சமமாக நின்றது.

"பெட்டி முப்பதுன்னு வச்சுக்கிட்டா நீங்க பன்னிரண்டு ராத்தல் குறையணும். இன்னும் இருபது நாள் கிடக்கு."

"வேற என்ன எழுதியிருக்காரு மாப்பிள்ளை?"

"விமானம் ஏறப் போறவங்க செய்யுத தப்பையெல்லாம் எழுதியிருக்காவ. கடைசி நேரத்துல ஓடப்படாதாம், ஒரு மணி நேரம் முந்தியே போய் நிக்கணுமாம். மடியில தீப்பெட்டி வச்சிருக்கப்படாதாம். எண்ணெய்ப் போத்தல் கொண்டு போனா மேல போனதும் மூடி பிடுங்கிக்கிடுமாம். காதுல பஞ்சு வைக்கணுமாம்."

விமானச் சத்தம் கேட்டால் தென்காசியே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற காலம் அது. மகள் மங்களேஸ்வரிக்குப் பம்பாயில் தலைப்பிரசவம். ரயிலில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வழியில்லை. விமானக் கம்பெனியில் வேலை பார்த்த மருமகன், திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு மாமனார் பேரில் ஒரே ஒரு டிக்கட் அனுப்பியிருந்தார்.

"பிள்ள பெறப் போறவ பக்கத்துல அப்பன் நின்னு என்ன செய்ய? நான் போறேனே" என்று பிச்சம்மாள் டிக்கட் வந்த அன்றே கேட்டாள்.

"பொம்பள தனியா ஆகாசத்துல போறதா? ஊரு சிரிக்கும்" என்று அவர் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உண்மையில் குத்தாலிங்கத்துக்கு ஒரே உதறல். செங்கோட்டை தாண்டி மலைப் பாலத்தில் ரயில் போகும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்கிற மனிதர் அவர். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? கடைத்தெரு முழுக்கச் சொல்லித் தொலைத்துவிட்டார். பாத்திரக்கடை பரீது ஒரு மாலையே வாங்கிப் போட்டுவிட்டார். இனி எந்த முகத்தோடு பயமாக இருக்கிறது என்று சொல்வது?

"தினம் காலையில குத்தாலத்துக்கு நடந்து போய் அருவியில நின்னுட்டு வாங்க. நடக்குத நடையில உடம்பு தன்னால கரைஞ்சிரும்" என்றாள் பிச்சம்மாள்.

நடந்தார். மார்கழிக் குளிரில் குளித்தார். கரையேறியதும் பசி வயிற்றைப் பிடுங்கியது. அருவிக்கரை காப்பி கிளப்பில் ஆறு இட்லி, இரண்டு நெய் தோசை, மேலுக்கு ஒரு கை அல்வா. இலையை மடிக்கும்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. எடை குறையாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். ஏற்றாவிட்டால் யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து தோசை நாலானது.

வெள்ளிக்கிழமை தவறாமல் தராசில் ஏற்றினாள்.

"என்னங்க, ரெண்டு ராத்தல் கூடியில்லா இருக்கு?"

"அது உடம்பு வாகு."

"அப்போ நாளையிலேருந்து ரெண்டு தடவை குளிச்சுப் பாருங்க" என்றாள் அவள்.

புறப்படுகிற நாளும் வந்தது. வழியனுப்ப அவளும் திருவனந்தபுரம் வந்தாள். ஒரு மணி நேரம் முந்தியே விமான மைதானத்தில் போய் நின்றார்கள். தீப்பெட்டி இல்லை, எண்ணெய் இல்லை, பஞ்சு தயார். மாப்பிள்ளை எழுதிய தப்பில் ஒன்றைக்கூட அவள் செய்யவிடவில்லை.

குத்தாலிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறினார். முள் இருநூற்றுப் பதினெட்டில் போய் நின்றது.

"பதினெட்டு ராத்தல் அதிகம். ஏத்த முடியாது" என்றார் அதிகாரி.

குத்தாலிங்கம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளே மேளம் கொட்டியது. "சட்டம்னா சட்டம்தான், நாம என்ன செய்ய? வா பிச்சம்மா, ஊருக்குப் போவோம்."

"குடும்பத்துல வேற யாராவது போறதுன்னா டிக்கட்டுல பேரை மாத்தித் தாரேன். அதுக்கு நேரம் இருக்கு" என்றார் அதிகாரி.

"அப்போ நான் போறேன்" என்று பிச்சம்மாள் பெட்டியோடு மேடையில் ஏறினாள். நூற்று நாற்பத்தைந்து.

"ஏட்டி, விளையாடுதியா? மாத்திக் கட்டக்கூட ஒண்ணுமில்லாம, உடுத்துன சேலையோட பம்பாய்க்குப் போவியா?"

அவள் மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டாள். தீப்பெட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பிச்சம்மாளின் ஆறு சேலையும், பிரசவ மருந்தும், குழந்தைத் துணியும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அடிவரை துழாவியும் ஒரு வேட்டி அகப்படவில்லை.