உமிச்சாம்பல் மெருகு

குதிரை லேசானால் போதும், குறி தானாக வந்துவிடும் என்று இந்த மனுஷனுக்கு நினைப்பு, நினைத்துக்கொள்ளட்டும்.

பவுனம்மாள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலால் இழுக்கிற வளைந்த இரும்பு நாக்கைத்தான் செல்லக்கண்ணு குதிரை என்பான். அதில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, ஆழாக்கால் அரிசியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"காலியாத்தானே இருக்கு?"

"தோட்டா என் மடியில இருக்கு. ஆடாம பிடி."

டக்கென்று குதிரை விழுந்தது.

"பாத்தியா! முன்னே ரெண்டு படி அரிசி கட்டினாலும் அசையாது. இப்ப ஒண்ணேகால் படிக்கே விழுந்துட்டுது. சீமையிலேருந்து குதிரைக்குப் புது வில்லு வந்தாத்தான் ஆச்சுன்னான் துப்பாக்கிக் கடைக்காரன். மில்லு உமிச்சாம்பலும் தேங்காயெண்ணெயும் போதும்னு காட்டிட்டேன்ல?"

"காட்டிட்டீங்க. எனக்குத் தலைக்கு வைக்கத்தான் எண்ணெய் இல்ல."

அவன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரை அரிசி மில்லில் செல்லக்கண்ணு துப்பாக்கிக் காவலாளி. குறி பார்த்துச் சுடும் போன வருஷப் பரீட்சையில் மில் துரை பின்னால் வந்து நின்றதும் அவன் கை நடுங்கிவிட்டது. ஒரு குண்டும் தாளைத் தொடவில்லை. இந்த வருஷமும் தவறினால் மூட்டை தூக்கப் போக வேண்டும். மில் கொடுத்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பயம் அவன் கையோடு நிற்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதில், அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுவதில், எல்லாவற்றிலும் இருந்தது.

யாரோ சொன்னார்கள் என்று குதிரையைக் கழற்றி, சாம்பலை எண்ணெயில் குழைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். ஓடைக்கு அக்கரையில் ஆளில்லாத வயல். அங்கே மூங்கிலில் தாளைச் செருகி அவன் தூரத்திலிருந்து சுடுவான். அவள் போய்த் தாளை எடுத்து வருவாள். முதலில் வெறும் தாள்தான் வந்தது. பிறகு ஓரத்தில் ஓர் ஓட்டை. தேய்க்கத் தேய்க்க ஓட்டைகள் நடுவை நோக்கி நகர்ந்தன. கை நடுக்கம் நின்றது. குழம்பில் உப்பில்லை என்று ஒருநாள் சண்டைகூடப் பிடித்தான். அவளுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

பரீட்சை நெருங்கிய ஒரு பிற்பகல் அவர்களோடு தலைமைக் காவலாளி பர்கத்துல்லாவும் சம்பான் படகில் அக்கரைக்கு வந்தார். வயல் வரப்பில் உட்கார்ந்து, செல்லக்கண்ணு பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"என்னப்பா இது, கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி இருக்கு! நீதான் சுட்டியா?"

"சாம்பல் சுட்டுது பாய். பாதி புண்ணியம் அதுக்கு."

"மூங்கிலைச் சுடறது ஒரு பெரிய காரியமா? அது பாட்டுக்கு நிக்குது. பக்கத்துல ஒரு ஆளு வந்து நின்னா உனக்குக் கை ஆடும். போன வருஷம் பாத்தேனே."

"இப்ப ஆடாது."

"ஆடாதா? அப்ப தங்கச்சி எதையாச்சும் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், சுட்டுக் காட்டு. இவனுக்குப் பரீட்சையே வேணாம், நான் பொறுப்புன்னு துரைகிட்ட நானே சொல்லிடறேன். என் பேச்சை அவரு தட்ட மாட்டாரு."

கேலியாகத்தான் ஆரம்பித்தார். செல்லக்கண்ணு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வாக்கு மாறக் கூடாது பாய். பவுனு, கூடையில பப்பாளி இருக்கு பாரு, எடு. அந்த மூங்கில்கிட்ட போய் நின்னு கையை நல்லா நீட்டிக்க. வேணும்னா கண்ணை மூடிக்க."

பவுனம்மாள் பழத்தைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் நின்றால் போதும். வீடு நிலைக்கும், வேலை நிலைக்கும். துரையின் முன்னால் போய் நிற்க வேண்டிய அவசியமே இருக்காது. அவள் கணவனைப் பார்த்தாள். கலியாணமான புதிதில் கப்பலை விட்டு இறங்கியபோது, ரங்கூன் துறையில் அவளுக்காகக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த அதே முகம். இத்தனை நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த முகம் அதுதான். அதைத் தன் வாயாலேயே கெடுப்பதா?

"என்ன தங்கச்சி, யோசனை? புருஷன்மேல நம்பிக்கை இல்லையா?"

"அவளுக்கா? நல்லாச் சொன்னீங்க!" செல்லக்கண்ணு துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டான். கை துளியும் நடுங்கவில்லை. "அத்தனை தாளையும் எடுத்துக்கிட்டு வந்தவளே அவதான். ஏன் பவுனு, என் குறி உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஒரு குண்டுகூடத் தொடாத அந்தத் தாள்களில், மூங்கிலுக்குப் பின்னால் குனிந்து நின்று, ஓட்டை ஓட்டையாகக் கோணி ஊசியால் குத்தியவள் அவள்தானே!

"தெரியும்ங்க," என்று மெதுவாகச் சொல்லி, பழத்தைத் திரும்பவும் கூடைக்குள் வைத்தாள் பவுனம்மாள். "நான் நிக்க மாட்டேன்."