துணைக்கு வந்தவள்

"துணைக்கு யாரு?"

நர்ஸ் ஷைபி கேட்டு முடிப்பதற்குள், "நான்தான். வேற எவ வருவா?" என்றாள் ஏலிக்குட்டி.

கேட்டிருக்கவே வேண்டியதில்லை. கையில் வாளி, வாளிக்குள் பிளாஸ்க், எவர்சில்வர் தட்டு, மாற்றுத்துணி. கக்கத்தில் சுருட்டிய பாய். கோட்டயம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளி இல்லாமல்கூட ஓர் அறை கிடைத்துவிடலாம், துணைக்கு ஆள் இல்லாமல் கிடைக்காது.

ஈப்பச்சன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். பேரனுக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில் மயங்கி விழுந்த மனுஷர் அவர். போர்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏலீ, நீயும் இப்படிக் கட்டில்ல உட்காரேன்" என்றார்.

"நானா? எங்கம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஏறினவ, இறங்கவே இல்ல. என் உடம்பு அதுல படாதுன்னு கல்யாணமான புதுசுலயே சொல்லியிருக்கேன்." ஏலிக்குட்டி பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சிஸ்டர், நெஞ்சு அடைக்குதுன்னு ஒரு வாரமா ஒரே புலம்பல் இவரு. ராத்திரியில தூக்கமும் கிடையாது. எழுந்து உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துட்டிருக்காரு. முழிச்சுப் பார்த்தா எனக்கு உசுரே போயிடுது."

ஷைபி ரத்த அழுத்தம் பார்த்தாள். புருவம் ஏறியது.

"அப்பச்சா, இவ்வளவு பயப்படக் கூடாது."

"பயமெல்லாம் இல்ல மோளே" என்றார் ஈப்பச்சன். சொல்லும்போதே கட்டில் லேசாக ஆடியது.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவர் மயங்கவில்லை. அதுவே ஏலிக்குட்டிக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"அம்மச்சி, நீங்களும் வாங்க. ரத்தம் குடுத்துட்டு நெஞ்சுல ஒரு படம் எடுத்துட்டு வந்துடலாம்."

"நான் எதுக்கு? படுத்திருக்கிறவர் அவரில்லையா?"

"துணைக்கு நிக்கிற எல்லாருக்கும் உண்டு அம்மச்சி. கொரோனாவுக்கு அப்புறம் இங்க அப்படித்தான். இல்லேன்னா அப்பச்சன் தனியாத்தான் இருக்கணும்."

"இவரா, தனியாவா? பல்லி கத்தினாலே என்னை எழுப்புவாரு" என்று எழுந்தாள் ஏலிக்குட்டி. "வா, எங்க நிக்கணும்னு காட்டு."

திரும்பி வந்தபோதும் திட்டு ஓயவில்லை. "மூச்சை இழுங்கறான், பிடிங்கறான், விடுங்கறான். நாளைக்கு ஆஸ்பத்திரியைப் பெருக்கினாத்தான் துணைக்கு விடுவோம்பான். எல்லாம் உங்களால இச்சாயா."

ஈப்பச்சன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். அது தாண்டிப் போனால் தலை மறுபடி தலையணையில் விழும்.

மத்தியானம் ஷைபி எட்டிப் பார்த்தாள்.

"ரிப்போர்ட் வந்தாச்சா மோளே?"

"சாயங்காலம் டாக்டரே வந்து சொல்வாரு" என்றவள், அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள்.

ஏலிக்குட்டி அதைக் கவனித்தாள். முக்காலியைக் கட்டில் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.

"நம்ம சர்ச்சுல புண்ணியவாளனுக்குச் சேவல் நேர்ந்திருக்கேன். நம்ம சிவப்பனை."

"அது நீ கையில வெச்சு வளர்த்ததாச்சே."

"உங்களையும்தான் வளர்த்தேன். ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்கலாம்னா என்ன பண்றது?"

சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"ஏதாவது பேசுங்க இச்சாயா. நீங்க இப்படி வாயை மூடிக்கிட்டா எனக்குப் பயமாயிருக்கு. நீங்க இல்லேன்னா அந்த வீட்டுல நான் யாரைத் திட்டிட்டு உட்கார்ந்திருப்பேன்?"

ஈப்பச்சன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அட, சின்னப்பிள்ளையா நீங்க? எல்லாம் சரியாயிடும்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவும்போதே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடங்கும் வரை இருமினாள். "பாழாப்போன புகை. இனி ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட வேற ஆளைப் பாருங்க" என்று முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

அவர் திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு, "சரி ஏலீ" என்றார்.

"மூணு வேளையா ஒண்ணும் தின்னல. கேண்டீன்ல கஞ்சியும் பயறும் வாங்கிட்டு வர்றேன். அதுக்குள்ள கட்டிலை விட்டு இறங்கினீங்க, காலை உடைச்சிடுவேன்." தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் தரகன். கையில் பெரிய கறுப்புப் படம். பின்னால் ஷைபி, முகத்தைக் காட்டாமல் நின்றாள்.

ஈப்பச்சன் எழுந்து உட்கார்ந்தார்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார். "நாம பயந்த மாதிரிதான் இருக்கு. இனி ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது" என்றவர், அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "பேஷண்ட் எங்க?"

"கஞ்சி வாங்கப் போயிருக்கா டாக்டர்" என்ற ஈப்பச்சன், கட்டிலை விட்டு இறங்கி, கசங்கிய விரிப்பை ஏலிக்குட்டிக்காக நீவிவிட ஆரம்பித்தார்.