மன்னித்த நாள்

மூளையில் சுரக்கும் செரட்டோனின் கூடினால் தூக்கம் வரும் என்றார் ஒரு டாக்டர்; தூக்கம் கெடும், மனசுதான் இளகும் என்றார் இன்னொருவர். எது நிஜமோ, யார் கண்டது! அதை உடம்பில் ஏற்றும் பட்டையை இளவேனில் தூக்கத்துக்காக ஐந்து வருடமாகக் கையில் கட்டியிருந்தாள். கூட்டுவதும் குறைப்பதும் கணவன் செழியனின் போனில்.

பட்டை பழுதாகிக் கடைக்குக் கொண்டுபோனபோது, சரிசெய்து கொடுத்த கடைக்காரப் பெண் பழைய பதிவைக் காட்டினாள்.

"அக்கா, போன ஆடிப்பெருக்கு அன்னிக்கு மட்டும் மூணு மடங்கு ஏத்தியிருக்கு. காலைல பத்து மணிக்கு."

அன்று பதினொரு மணிக்குத்தான் செழியன் தன் இன்னொரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னான். அவளும் சிரித்த முகமாய், "போகட்டும் விடுங்க" என்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"நீ நல்லாத் தூங்கணும்னுதான் ஏத்தினேன்."

"காலைல பத்து மணிக்கா?"

பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குச் சொன்னதை இப்ப சொல்லுங்க."