பயணம் நின்றுபோனால்...

"டர்பனுக்குப் போறதுக்கு இன்ஷூரன்ஸா? நாம என்ன நிலாவுக்கா போறோம்?"

மொலெஃபிக்கு மெதுவாகப் பேச வராது. கட்டட வேலையில், மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. தென்னாப்பிரிக்காவில், கடலுக்கு வெகுதூரத்திலுள்ள புளூம்ஃபொன்டைன் நகரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சின்னப் பயண அலுவலகத்தில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் பக்கத்தில் நின்ற டிசேபோ மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா," என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணைக் கேட்டாள். "கடைசி நேரத்துல போக முடியாமப் போனா, பணம் திரும்பி வருமா?"

"பஸ் டிக்கெட், ரூம் வாடகை எல்லாமே வரும் அக்கா. காரணம் மட்டும் அவங்க ஒத்துக்கிற காரணமா இருக்கணும்."

"தங்கச்சி, அவளை ஏத்தி விடாதே," என்றான் மொலெஃபி. "சாயங்காலம் பஸ் ஏறினா விடிஞ்சா கடல். இதுக்கு நடுவுல என்ன ஆகிடப் போகுது? அந்தக் காசுக்கு ரெண்டு கோழி வறுத்து எடுத்துக்கிட்டா, வழியெல்லாம் தின்னுட்டே போகலாம்."

வரிசை மறுபடி சிரித்தது.

கடலை டிசேபோ பார்த்ததே இல்லை. டர்பன் போய் வந்தவர்கள் பாட்டிலில் கொண்டுவந்து கொடுக்கும் கடல் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறாள். கெட்டது அண்டாமலிருக்க அதை வாசலில் தெளித்திருக்கிறாள், பிள்ளைகளின் காலில் தடவியிருக்கிறாள். இந்தத் தடவை அவளே போகிறாள் என்று தெரிந்ததும், தெருவில் பாதிப் பேர் காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அவளும் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாமல் வாங்கி அடுக்கி வைத்திருந்தாள்.

"என்னென்ன காரணத்தை ஒத்துப்பாங்க?" என்று கேட்டாள்.

"உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில சேர்ந்தா. சொந்தத்துல யாராவது இறந்துட்டா. வீடு தீப்பிடிச்சா, வெள்ளம் வந்தா."

"சாவா?" மொலெஃபி நெஞ்சைத் தட்டிக்கொண்டான். "நான் மூணு சங்கத்துல சந்தா கட்டுறேன் தங்கச்சி. ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு பந்தலுக்கு, ஒண்ணு ஊர்ச் சாப்பாட்டுக்கு. செத்தா என்னை ராஜா மாதிரி அனுப்புவாங்க. உயிரோட போறதுக்கும் நான் அழணுமா?"

"கொஞ்சம் சும்மா இருங்க, கபேலோப்பா." மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள். டிசேபோ கவுன்ட்டரில் இன்னும் குனிந்தாள். "எல்லாம் கெட்டதாவே சொல்றீங்களே. நல்லது ஏதாவது நடந்து போக முடியாமப் போனா?"

"நல்லதா?" அந்தப் பெண் விழித்தாள்.

"லாட்டரி விழுந்தாவா?" என்றான் மொலெஃபி.

டிசேபோ அவனைப் பார்க்கவில்லை. "சனிக்கிழமைதான் கிளம்பணுமா? ஞாயித்துக்கிழமை பஸ் இல்லையா?"

"வெள்ளிக்கிழமை டிசம்பர் லீவுக்கு வேலையை மூடுறாங்க. சனிக்கிழமை கிளம்பினாத்தானே நாலு நாள் கடல்ல கிடக்கலாம்? சனிக்கிழமை என்ன, உனக்கு ஆகாதா?"

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மொலெஃபியின் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. அவன் கெட்டவன் இல்லை. வெயிலிலும் குளிரிலும் செங்கல் அடுக்கி, சேர்த்த காசையெல்லாம் இந்தப் பயணத்துக்கென்று எடுத்து வைத்தவன். அலை முதல் தடவை காலைத் தொடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று வேலைக்கு நடுவில் நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரிப்பவன்.

"உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டான். இந்தத் தடவை குரல் வரிசைக்குக் கேட்கவில்லை. "டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்காத."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"உங்கப்பாவுக்கு முடியலையா?"

"நல்லா இருக்காரு. டிசம்பர் வந்துட்டாப் போதும், காலையில எழுந்ததும் கேட்டுக்கு வெளியே பெருக்கித் தண்ணி தெளிச்சுட்டு உக்காந்துக்கிறாராம்."

"அப்புறம் என்னதான் பிரச்சினை? வருஷக்கணக்கா கடல், கடல்னு உசிரை விட்டவ நீ. டிக்கெட் கைக்கு வர்ற நேரத்துல நின்னு போச்சுன்னா, நின்னு போச்சுன்னான்னு அதையே கேக்குற. போக முடியாமப் போயிடுமோன்னு அவ்வளவு பயமா?"

"பயமில்ல."

"பின்ன?"

"ஆசை," என்றாள் டிசேபோ.

சொன்னதும் அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற கூட்டத்தைப் பற்றியும் கவலைப்படவில்லை.

"பொண்ணு கேக்க வர்றது சனிக்கிழமையிலதானே? ஏதாவது ஒரு சனிக்கிழமை உங்க மாமாங்க எங்கப்பா வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு, பொண்ணு வீட்டுக்குக் குடுக்க வேண்டிய மாட்டைப் பேசி முடிக்க வந்திருக்கோம்'னு குரல் குடுப்பாங்க. 'இவங்களை உனக்குத் தெரியுமா'ன்னு எங்கப்பா உள்ளே திரும்பிக் கேக்கும்போது, தெரியும்னு சொல்ல நான் அங்க இருக்கணும்ல? ரெண்டு புள்ளையைப் பெத்துட்டு, ஒவ்வொரு டிசம்பரும் இந்த வருஷமாவது என்னை உங்க பொண்டாட்டியா ஆக்குவீங்கன்னுதானே காத்துக்கிட்டிருக்கேன்!"

மொலெஃபி தலையைக் குனிந்துகொண்டான். கவுன்ட்டர் பெண்தான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அதுக்கு மட்டும் தர மாட்டாங்க அக்கா... எனக்காக நான் கேட்டுப் பாத்துட்டேன்."